தராசை எடுத்த கை

கடந்த வருடம் எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புகளுக்கிடையே நடந்த விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றில் எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, "உடைமையைப் பறிக்கும் அதிகாரிக்குப் பதிலடி கொடுப்பது நீதியே" என்பதாகும். ஆதரித்துப் பேச வேண்டிய அணி எங்களுடையது. நான் இரண்டாவது பேச்சாளர். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள், வென்றோம். அன்று கிடைத்த கிண்ணத்தை உம்மா வருகிறவர்களுக்கெல்லாம் இன்னமும் எடுத்துக் காட்டுகிறார். இந்தக் கட்டுரையை நான் வென்ற அந்தப் பேச்சுக்கு எதிராகவே எழுதுகிறேன்.

அன்று என் பேச்சில் அவ்வளவு சூடு இருந்ததற்குக் காரணம் என் திறமையல்ல. போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் வாப்பாவின் வண்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர். அன்னாசி, கொய்யா, பப்பாசி, காலத்துக்கு ஏற்ப ரம்புட்டான். ஒரு வியாழக்கிழமை அஸருக்குக் கொஞ்சம் முன்னர் லொறியில் ஆட்கள் வந்து, நடைபாதையை மறிப்பதாகச் சொல்லி வண்டியை ஏற்றினார்கள். பழப்பெட்டிகளை ஏற்றினார்கள். தராசையும் ஏற்றினார்கள். அது உம்மா சீட்டுப் பிடித்த காசில் வாங்கிய மின்தராசு. எடுத்த பொருட்களுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. மறுநாள் காரியாலயத்துக்குப் போனால், பொறுப்பானவர் கூட்டத்தில் இருக்கிறாராம். அடுத்த நாள், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் தண்டப்பணம் கட்டியதும் வண்டி வந்தது. பழங்களைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. தராசு வரவில்லை. அப்படி ஒரு தராசை எடுக்கவேயில்லை என்றார்கள்.

எடுக்கும்போது நானா அங்கேதான் நின்றார். தராசைத் தூக்கிய ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளித்தான் அந்த ஆளின் வீடு.

"வாப்பா, அவன்ட வீடு எனக்குத் தெரியும்" என்றார் நானா அன்றிரவு.

"தெரிஞ்சி என்ன செய்யப் போறாய்?"

நானா பதில் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவை எனக்குக் காட்டினார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரான்பி என்ற சிறிய ஊர். 2004 ஜூன் 4 ஆம் திகதி மார்வின் ஹீமேயர் என்பவர், காணிப் பயன்பாட்டுத் தகராறிலும் தண்டப்பணத்திலும் நகர நிர்வாகம் தனக்கு அநியாயம் செய்துவிட்டதென்று, ஒரு புல்டோசரைச் சுற்றி இரும்பும் கொங்கிரீட்டும் பொருத்தி ஊருக்குள் ஓட்டிப் போய் 13 கட்டடங்களை இடித்தார். பொலிஸாரின் துப்பாக்கிகளால் அதை நிறுத்த முடியவில்லை. இணையத்தில் இன்றும் அவரை வீரன் என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவு நானும் அவரை வீரன் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தேன்.

என் விவாதப் பேச்சின் உச்சக்கட்டம் அதுவல்ல. நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதையை எடுத்துக்கொண்டேன். 2010 டிசம்பர் 17 ஆம் திகதி, டியூனீசியாவின் ஸிதி பூஸித் என்ற ஊரில், 26 வயதான முஹம்மத் புவாஸீஸி என்ற தெருவோரப் பழ வியாபாரியின் பொருட்களையும் தராசையும் நகர சபையின் பெண் பரிசோதகர் ஒருவர் பறித்தெடுத்தார். தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்து, தாயையும் சகோதரர்களையும் அந்த வண்டியால் தாங்கிக்கொண்டிருந்தவர் அவர். நகர சபைக்குப் போனார், முடியவில்லை. ஆளுநரின் காரியாலயத்துக்குப் போனார், சந்திக்கவே விடவில்லை. அந்த வாசலிலேயே தன் உயிரை மாய்க்க முனைந்தார். 2011 ஜனவரி 4 ஆம் திகதி வைத்தியசாலையில் காலமானார். பத்து நாட்களில், 23 வருடங்கள் ஆண்ட பின் அலி நாட்டை விட்டு ஓடினார். அவர் செய்ததை நான் உயர்த்திப் பேசவில்லை. நம் மார்க்கம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால், "ஒரு தராசைப் பறித்த கைக்குக் கிடைத்த பதிலடி ஓர் அரசாங்கத்தையே வீழ்த்தியது" என்று மேசையில் தட்டி முடித்தேன். என் மனதில் வாப்பாவின் தராசுதான் இருந்தது.

போட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது, நடுவர்களில் ஒருவராக வந்திருந்த வரலாற்று ஆசிரியை என்னிடம் கேட்டார்: "தராசை எடுத்த அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது மகள்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே அவரைப் பற்றி நான்கு நிமிடம் பேசியிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் தேடத் தொடங்கினேன்.

அவருடைய பெயர் ஃபைதா ஹம்தி. புவாஸீஸியின் கன்னத்தில் அவர் அறைந்தார் என்று உலகமெல்லாம் செய்தி பரவியது. தான் அறையவேயில்லை என்று அவர் தொடர்ந்து மறுத்தார். 2010 டிசம்பர் 28 ஆம் திகதி ஜனாதிபதி பின் அலி, படுக்கையில் கிடந்த புவாஸீஸியைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போனார். கட்டுக்களால் மூடப்பட்ட ஓர் உடலின் பக்கத்தில் ஜனாதிபதி நிற்கும் அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களிலேயே ஃபைதா ஹம்தியைச் சிறையில் அடைத்தார்கள். ஜனாதிபதியின் கட்டளையின் பேரில். கிட்டத்தட்ட நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். 2011 ஏப்ரல் 19 ஆம் திகதி நீதிமன்றம் அவரை விடுவித்தது. புவாஸீஸியின் தாயாரே தன் முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டார்.

இதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பதிலடி கொடுத்தது மக்கள் என்றுதான் நான் பேசினேன். முதல் பதிலடியைக் கொடுத்தது பின் அலி! தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள, கோபத்தில் கொதிக்கும் மக்களுக்கு முன்னால் ஒரு நகர சபை ஊழியையைத் தூக்கிப் போட்டார். "இதோ உங்கள் குற்றவாளி, தண்டித்துவிட்டேன், வீட்டுக்குப் போங்கள்" என்பதைப் போல. அதே காலத்தில் அவருடைய மனைவி லைலா திராபெல்ஸியின் குடும்பத்தார் அந்த நாட்டின் கம்பனிகளையும் காணிகளையும் எப்படித் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்பது டியூனீசியாவில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த கதை. தராசைப் பறித்தவர் சிறையில் இருந்த மாதங்களில், நாட்டைப் பறித்தவர் சவூதி அரேபியாவில் இருந்தார். இல்லாமலே வழக்கு நடத்தித் தீர்ப்புச் சொன்னார்கள். 2019 இல் மரணிக்கும் வரை அவர் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

"அரசாங்கம் விழுந்ததே?" என்று எங்கள் அணித் தலைவி இன்றும் என்னிடம் கேட்கிறாள். விழுந்தது. ஆனால் எதனால்? ஃபைதா ஹம்தியைச் சிறையில் போட்ட பிறகும் போராட்டம் ஒரு நாள்கூட ஓயவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டத்தரணிகள் கறுப்பு அங்கியோடு வீதிக்கு வந்தார்கள். தொழிற்சங்கங்கள் நகரம் நகரமாக வேலைநிறுத்தம் செய்தன. வேலையில்லாத பட்டதாரிகள் திரண்டார்கள். அவர்கள் யாரும் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. வேலையையும் மானத்தையும், பதில் சொல்லும் அரசாங்கத்தையும்தான் கேட்டார்கள். ஒரு ஊழியையைத் தண்டித்ததோடு அவர்கள் திருப்திப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தால் பின் அலி இன்னும் பல வருடங்கள் ஆண்டிருப்பார்.

இதில் எனக்கு உறுத்தும் கேள்வி வேறு. ஆளுநரின் கதவை மூடியவர் யார்? தராசு போனதோடு அந்த இளைஞர் உடைந்துவிடவில்லை. தராசைத் திருப்பிக் கேட்கப் போன இடத்தில் யாருமே முகம் கொடுக்காதபோதுதான் உடைந்தார். அந்தக் கதவை மூடியவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தராசை எடுத்தவரின் பெயர் மட்டும் உலகத்துக்கே தெரியும். நம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் கை அதுதான், ஆகவே கோபமும் அங்கேயே போகிறது. மேலே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு வசதி!

கிரான்பி ஊரின் கதையையும் முழுதாக வாசித்தேன். வீடியோவில் தெரியாத இரண்டு விடயங்கள் இருந்தன. இடிக்கப்பட்ட நகர மண்டபக் கட்டடத்தில்தான் ஊரின் நூலகமும் இருந்தது. அன்று அங்கே இருந்த பிள்ளைகளை அவசரமாக வெளியேற்றியிருக்கிறார்கள். இடிக்கப்பட்ட வீடுகளில் ஒன்று, ஏற்கனவே இறந்துபோன முன்னாள் மேயரின் மனைவியுடையது. கணவர் இல்லை, கணவரின் பதவியும் இல்லை, வீடு மட்டும் இருந்தது, அதுவும் போனது. ஹீமேயர் கடைசியில் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவருக்கு நடந்தது அநியாயமா இல்லையா என்று விசாரிக்க இனி ஒருவருக்கும் வழியில்லை. நான் நானாவிடம் இதைச் சொன்னேன். "வீடியோவுல அது இல்லயே" என்றார்.

எங்கள் ஊரிலும் ஒன்று நடந்தது. வண்டிகள் பறிக்கப்பட்ட இரண்டாவது வாரம், தராசைத் தூக்கிய அந்த ஆளின் வீட்டுக் கேற்றில் இருந்த மின்விளக்கை யாரோ இரவில் கல்லெறிந்து உடைத்தார்கள். (நானா அன்று வீட்டில்தான் இருந்தார். உம்மா மூன்று தரம் கேட்டுச் சத்தியம் வாங்கிய பிறகே நம்பினார்.) செய்தி கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் இருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் தாங்கியது. பாதை வியாபாரிகள் ஆறு பேர் சேர்ந்து, வேறு இடம் ஒதுக்கித் தரும்படி காரியாலயத்தோடு பேச ஒரு நாள் கேட்டு வைத்திருந்தார்கள். விளக்கு உடைந்ததைக் காட்டி அந்தப் பேச்சை ரத்துச் செய்தார்கள். வாப்பாவோடு வியாபாரம் செய்யும் ஒரு முதியவரைப் பொலிஸில் கூப்பிட்டு அரை நாள் இருத்தி வைத்து விசாரித்தார்கள். அவர் கல்லெறியும் வயதைத் தாண்டி நாற்பது வருடமாகிறது. அதுவரை பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தது அவர்கள். ஓர் இரவில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் ஆகிவிட்டோம்.

அப்படியானால் பறிப்பவனைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டுமா? இதை வாசிக்கும் பெற்றோரில் சிலர் "ஆம், நமக்கேன் வம்பு" என்பீர்கள். நான் அதற்கும் உடன்படவில்லை. நம் நாட்டிலேயே பறிபோன காணியைத் திரும்பப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பு மக்கள், விமானப்படை வைத்திருந்த தங்கள் காணிக்கு முன்னால் 2017 ஜனவரி 31 ஆம் திகதி உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகளும் கூடவே. வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம். மார்ச் முதலாம் திகதி காணி விடுவிக்கப்பட்டது. கிளிநொச்சிக் கடலிலுள்ள இரணைதீவின் மீனவக் குடும்பங்கள் 2017 மே மாதம் போராடத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வருடம் கரையிலிருந்தே கேட்டுப் பார்த்தார்கள். பதில் வராதபோது 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு படகுகளில் தீவுக்கே போய் இறங்கிவிட்டார்கள். கடற்படையினர் மீது ஒரு கல் விழவில்லை. தங்கள் மண்ணில் தாங்கள் இருப்போம் என்றார்கள், அவ்வளவுதான். பிறகு அங்கே வாழ அனுமதி வந்தது. இவர்கள் பொறுமையாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஓய்ந்து போகாத கோபம் அது. ஆனால் அந்தக் கோபம் வாசலில் காவல் நிற்கும் இருபது வயதுச் சிப்பாயிடம் போகவில்லை, காணியைப் பார்த்தே போனது.

நமது சமூகத்துக்கு மிக நெருக்கமானது முசலியின் கதை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் மன்னார் மாவட்டத்தின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் இருந்தார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, இருபது வருடம் ஆளில்லாத காணிகளில் மரம் வளர்ந்திருந்தது. வளர்ந்த மரத்தைக் காட்டி அது காடு என்றார்கள். 2017 மார்ச் மாதம் மாவில்லு வன ஒதுக்கம் தொடர்பான வர்த்தமானிப் பிரகடனத்தில் அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டார். அப்போது அவர் ரஷ்யாவுக்கு விஜயம் செய்திருந்தார். மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக்கணக்கில் இருந்து போராடினார்கள். பதிலடி கொடுப்பதே நீதி என்றால், இங்கே அவர்கள் யாரை அடிப்பது? எல்லைக் கல் நட வரும் உத்தியோகத்தரையா? அவர் கையில் இருப்பது யாரோ கொடுத்த வரைபடம். வர்த்தமானிக்குக் கன்னம் இல்லை.

அதற்காக அந்த உத்தியோகத்தருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. "மேலிடத்து உத்தரவு" என்பது எல்லாக் காரியாலயத்திலும் கிடைக்கும் மலிவான குடை. தராசை எடுத்தவர் எடுத்த பொருளுக்குத் துண்டு கொடுத்திருக்க வேண்டும், கையொப்பமிட்டிருக்க வேண்டும், காணாமல் போனால் விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டும். பிழை செய்திருந்தால் சம்பளத்தில் வெட்டலாம், பதவியை எடுக்கலாம், வழக்கும் போடலாம். தண்டனை வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. தண்டனைக்கு முதல் ஒரு கேள்வி இருக்கிறது, "என்ன நடந்தது, யார் சொல்லி நடந்தது?" கல்லெறிகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பின் அலியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் அவருடைய மாளிகை வரைக்கும் வந்திருக்கும்.

கலீஃபா உமர் (ரழி) அவர்களின் காலத்தில் நடந்ததாக வரலாற்று நூல்களில் வரும் ஒரு சம்பவத்தை இஸ்லாம் பாடத்தில் படித்திருப்போம். மதீனாப் பள்ளிவாசலைப் பெரிதாக்கப் பக்கத்திலிருந்த அப்பாஸ் (ரழி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அப்பாஸ் தரமாட்டேன் என்றார். கேட்பவர் கலீஃபா, கேட்பது பள்ளிவாசலுக்கு. இருந்தும் இருவரும் உபை இப்னு கஃப் (ரழி) அவர்களிடம் தீர்ப்புக்குப் போனார்கள். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. உரிமை தனக்கென்று உறுதியான பிறகு அப்பாஸ் அந்த வீட்டைத் தானாகவே, காசு வாங்காமல் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார். இதை ஆசிரியைகள் அப்பாஸின் தாராள மனதுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது நடுவில் இருக்கும் அந்த வாசல்தான் பெரிதாகத் தெரிகிறது. கலீஃபாவும் வீட்டுக்காரரும் ஒன்றாகப் போய் நிற்கக்கூடிய ஒரு வாசல். அது திறந்திருந்ததால் அங்கே யாருக்கும் கல் தேவைப்படவில்லை.

நம் வாசல்கள் அப்படித் திறந்து கிடக்கின்றன என்று பொய் சொல்ல மாட்டேன். அரசியல் விஞ்ஞான வகுப்பில் இந்த வருடம்தான் அறிந்துகொண்டேன், நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை என்று தனியாக ஒன்று இல்லை. காணிகளை அரசு எடுப்பதற்கு 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. அதில் ஆட்சேபம் தெரிவிக்க இடமுண்டு, ஆனால் அவசரம் என்று சொல்லி உடனே கைப்பற்றவும் வழியுண்டு. அடிப்படை உரிமை மீறலென்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. தள்ளுவண்டிக்காரர் ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிப்பதென்பது நடக்கிற காரியமா? வாசல் குறுகலானது. ஆனாலும் அதைத் தட்டாமல் விட்டால் அது இன்னும் குறுகும் என்றே நினைக்கிறேன்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அதே வரலாற்று ஆசிரியைதான். விண்ணப்பம் எழுத சட்டத்தரணி தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் எழுத, வாப்பா கையொப்பமிட்டார். கேட்டது மூன்றே மூன்று: அன்று எந்தச் சட்ட ஏற்பாட்டின் கீழ் பொருட்கள் எடுக்கப்பட்டன, எடுத்த பொருட்களின் பட்டியலின் பிரதி ஒன்று, அந்தப் பட்டியலில் கையொப்பமிட்டவரின் பதவி. தராசு எங்கே என்று நேராகக் கேட்கவில்லை. பட்டியல் இருந்தால் தராசு அதில் இருக்கும், இல்லாவிட்டால் ஏன் பட்டியல் இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டிவரும். நானா வாசித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். பிறகு ஓர் எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னார்.

கடிதத்தைக் கையில் கொடுத்து, கிடைத்ததாக முத்திரை குத்தி வாங்கி வந்தார் வாப்பா. அந்தத் துண்டை நானா கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். போயா தினத்தைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். இதை எழுதும் இன்று பதினோராவது வேலை நாள்.